வாயைத் திற, நாக்கைத் தூக்கு

வெர்டெல் பிங்க்னியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சர்ச்சில்கூட வாசலோர பெஞ்சில் பாதி உடம்பை வைத்துத்தான் உட்காருவார். பால்டிமோரின் மேற்குப் பகுதியில் காசநோயாளிகளைத் தேடிப் போய், தன் கண்முன்னால் மாத்திரை விழுங்க வைப்பது சுகாதாரத் துறையில் அந்த அம்மாவின் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. விழுங்கிய பிறகும் விடமாட்டார். "வாயைத் திற. நாக்கைத் தூக்கு. இப்ப ரெண்டு வார்த்தை பேசு." கன்னத்தில் ஒதுக்கியவன் பேசும்போது மாட்டிக்கொள்வான்.

மற்றவர்களுக்கு வீட்டு எண் உண்டு. ராஸ்கோ கெய்தரைத் தெருவில்தான் பிடிக்க வேண்டும். டச்சஸ் என்ற குதிரையை வண்டியில் பூட்டிப் பழம் விற்பவர் அவர். எங்கள் பக்கத்து வண்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கூவல் உண்டு. வீட்டுக்குள் இருந்தபடியே யார் வருவது என்று சொல்லிவிடலாம். வெர்டெலும் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, காதை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடிப்பார்.

அந்த ஆகஸ்டில் ராஸ்கோவின் ஒன்பது மாத மருந்தில் பதினொரு நாள்தான் மிச்சம். திங்களும் செவ்வாயும் அவரைக் காணவில்லை. மூன்றாம் நாளும் தவறினால் விஷயம் நீதிபதியிடம் போகும். அவர் கையெழுத்துப் போட்டால் பூட்டிய வார்டு. ராஸ்கோவின் அம்மா, கறுப்பர்களுக்கென்று ஒதுக்கியிருந்த காசநோய் சானடோரியத்துக்குப் போனவர் போனவர்தான். பூட்டிய கதவுக்குள் மகன் ஒரு வாரம் தாங்கமாட்டார் என்று வெர்டெலுக்குத் தெரியும்.

புதன் காலை எட்டு மணியிலிருந்து சுற்றினார். பத்தரைக்குக் கேட்டது: "கத்தி பட்டாலே வெடிக்கும்மா... தர்பூசணீஈ!" அதே இழுப்பு, கடைசியில் அதே கரகரப்பு. சந்து சந்தாகக் காரை விரட்டினார். ஒருவழித் தெரு. பிறகு குப்பை லாரி. கூவல் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் காரை விட்டு இறங்கி ஓடிப்போய் வண்டியை மறித்தால், கடிவாளம் ராஸ்கோவின் அக்கா மகன் டர்னெல் கையில்.

"உங்க மாமா எங்கடா?"

"என்ன மிஸ் வெர்டெல், இப்படி மூச்சு வாங்குது? மொதல்ல நீங்க ஒரு மாத்திரை போடுங்க."

"கிண்டலா? அவர் கூவலை எதுக்குடா திருடினே?"

"திருடலை, இரவல். என் குரலுக்கு ஒரு கெழவிகூட கதவைத் திறக்க மாட்டேங்குறா. மாமாதான் அவரு மாதிரியே கூவச் சொன்னாரு." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "லாயத்துல படுத்திருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

லாயத்தில் ராஸ்கோ வைக்கோல் கட்டுமேல் சாய்ந்து, சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

"வந்துட்டா போலீஸ்காரி. நாக்குதானே பாக்கணும்? பாத்துட்டுப் போ. எனக்குத் தண்ணிகூட எறங்கலை."

"எப்பலேர்ந்து?"

"ஞாயித்துக்கெழமைலேர்ந்து. ஒரே வாந்தி. சொன்னா ஆஸ்பத்திரிம்பே."

வெர்டெலின் உள்ளங்கையில் மாத்திரைகள் தயாராக இருந்தன. "இங்க திரும்புங்க."

திரும்பினார். கதவிடுக்கு வெயில் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள்.

வெர்டெல் கையை மூடினார். மாத்திரைகளை உறைக்குள் போட்டுப் பையில் வைத்தார்.

"என்ன, தரலையா?" ராஸ்கோ இப்போதுதான் பயந்தார்.

"இது உங்க ஈரலைத் தின்னுது. இனி ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது. எந்திரிங்க, இன்னைக்கே ரத்தம் பாக்கணும்."

"பூட்டிடுவாங்க."

"மருந்து ஒத்துக்காம போனவரை எதுக்குப் பூட்டறாங்க? அப்படி வந்தா, வார்டு வாசல்ல நான் உக்காந்திருப்பேன்."

"நீயா? உக்காரவா?"

"உக்காருவேன்."

டர்னெல் வந்து குதிரையை லாயத்தில் கட்டிய பிறகுதான் ராஸ்கோ காரில் ஏறினார். வெர்டெல் அன்று வார்டு வாசலில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. யாரும் கதவைப் பூட்டவில்லை.

ஐந்து வாரம் கழித்து, டாக்டர்கள் மாற்றிக் கொடுத்த மாத்திரைகளோடு போய்க்கொண்டிருந்தபோது கேட்டது: "கத்தி பட்டாலே வெடிக்கும்மா..." வெர்டெல் காதை நம்பவில்லை. காரை விட்டு இறங்கி, குதிரையைத் தாண்டிப் போய் முகத்தைப் பார்த்தார். பிறகு, தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார்.

"பழம் வாங்க வந்தவ பழத்தைப் பாரு," என்றார் ராஸ்கோ.

"பேசினது போதும். வாயைத் திறங்க."