அம்மா பின்கட்டில் இருந்த ஐந்து நாள்

எங்கள் பெஹாலா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு வங்காள விதவை தனியாக இருந்தார். நாங்கள் மாஷிமா, அதாவது சித்தி, என்போம். ஒரு மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். உறவுக்காரர்கள் வந்து சேரத் தாமதமானதால் அம்மாதான் அவரைக் குளிப்பாட்டிப் புடவை உடுத்திவிட்டாள்.

அப்பா அலிப்பூர் கோர்ட்டில் குமாஸ்தா. பைபிளில் உள்ள மோசேயின் நியாயப்பிரமாணம் இன்றைக்கும் நம்மைக் கட்டும் என்று வாதாடி, திருநெல்வேலியிலிருந்து வந்த மற்ற கிறிஸ்தவர்களோடு சண்டை போட்டுக் கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். அந்தப் பிரமாணப்படி, பிணத்தைத் தொட்டவருக்கு ஏழு நாள் தீட்டு. கழிக்காமல் வீட்டுக்குள் வந்தால் தேவ ஜனத்திலிருந்தே அறுத்துப்போடுவார் கர்த்தர். அப்பா அதை அப்படியே நம்பினார்.

"ஏழு நாள் பின்கட்டு அறையில இரு. பிள்ளைகளத் தொடாத" என்றார். அம்மா ஒரு பாயை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் என் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வயது. மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. ஓயாமல் அம்மாவைக் கேட்டு அழுதாள். நான்காம் நாள் பொறுக்கமுடியாமல் அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். அம்மா பின்கட்டு அறையின் வாசற்படிக்கு ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஏட்டி, திரும்பு!" என்று அப்பா கத்தினார்.

எனக்குப் பத்து வயது. திரும்பிவிட்டேன். தங்கை என் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்து அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை அப்பாவின் மடியிலேயே அவள் உயிர் போயிற்று. அப்பா அலறிய சத்தம் கேட்டு அம்மா உள்ளே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து, "இப்ப உங்களுக்கும் தீட்டுதான. இனி நான் தொடலாம்லா?" என்று கேட்டாள். அப்பா பிள்ளையை அவள் கையில் கொடுத்தார்.

அடக்கம் முடிந்ததும் அப்பா தாமாகவே பின்கட்டு அறைக்குப் போனார். ஏழு நாள் கழிந்தும் வெளியே வரவில்லை. அங்கிருந்தே கோர்ட்டுக்குப் போய்வந்தார். சோற்றுத் தட்டை நான்தான் கொண்டுபோய் வைப்பேன். பாதிச் சோறு அப்படியே திரும்பி வரும்.

மழை விட்டபிறகு ஒருநாள் அம்மா முற்றத்தில் நின்று, "உள்ள வாங்க. பனி விழ ஆரம்பிச்சுட்டு" என்றாள்.

அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அம்மா சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.