தேன்கயிறு பிடிக்க ஆள்

துரைமாருக்குத் துபாஷியாகப் போகிறவனுக்கு இரண்டு பாஷையிலும் வசவு விழும். நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லிப் பிழைத்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நான் உத்தமபாளையத்து ராவுத்தர். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், மலைச்சனங்களின் வழக்கத்தை எழுத வந்த ஒரு துரையோடு மயிலாடும்பாறைக்கு மேலே பளியர் குடிக்குப் போயிருந்தேன்.

யாருக்கு யார் உறவு?

விடிந்ததும் துரை ஆரம்பித்துவிடுவார். உன் அப்பன் யார், பெண் எங்கே எடுத்தாய், மச்சினன் உண்டா? கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. தேனெடுக்கிற மாயனின் பெண்சாதி செல்லி பொறுத்துப் பார்த்துவிட்டு, “எங்க சனத்தப் பூராம் கேட்டுட்டாக. ஒங்க தொரையத் தேட ஆரும் இல்லையா, ராவுத்தரே?” என்றாள். அதை அப்படியே மாற்றிச் சொன்னேன். அன்றைக்குத் துரை எழுதவில்லை. சீமையில் இருக்கும் தன் தங்கச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

துரை முன்வந்தார்

தேனெடுக்கும் நாள். தேன்கூடு செங்குத்துப் பாறையில் கீழே தொங்கியது; விளிம்பில் எட்டிப் பார்த்துவிட்டு நாலடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கயிற்றை மரத்தில் கட்டியாச்சு, மாயன் இறங்கவில்லை. முடிச்சுக்குக் காவலாகப் பெண்சாதியின் அண்ணன்தான் இருக்கவேண்டுமாம். மாயனின் கூடப்பிறந்த தம்பி பக்கத்திலேயே நிற்கிறான், அவனும் ஆகாதாம். அந்த அண்ணன் வீரணனோடு மாயனுக்கு வருசக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. செல்லி அவனைக் கூப்பிட அடுத்த குடிக்குப் போனாள். துரை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, “நானே பிடிக்கிறேன் என்று சொல்” என்றார். சொன்னேன். மாயன் யோசித்துவிட்டு, “தொரை நல்லவுகதான். ஆனா அவுக தங்கச்சிய நான் கட்டலையே” என்றான்.

வீரணன் வந்தான்

வந்தவன் மாயன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முடிச்சை அவிழ்த்துத் தன் கையால் மறுபடி கட்டி, மரத்தடியில் உட்கார்ந்தான். மாயன் மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டான். கீழே புகையும் தேனீ இரைச்சலும்தான். திடீரென்று முடிச்சு நழுவிக் கயிறு ஓடியது. வீரணன் பாய்ந்து பிடித்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தும் விடவில்லை. மாயன் தேனோடு மேலே ஏறி வந்தான். அப்போதும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அடேயப்பா, இப்படியும் மனுசரா என்று மலைத்துப்போனேன். பேசாதவனுக்காக இந்தப் பாடு ஏன் பட்டாய் என்று கேட்டேன். “அவன்கூடப் பேச்சு இல்லதான். கயித்துல தொங்குனது என் தங்கச்சி பொழப்பாச்சே” என்றான் வீரணன்.

இதற்கு நான் இங்கிலீஷ் தேடி முடிப்பதற்குள் துரை தன் கைக்குட்டையைக் கிழித்து அவன் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே துபாஷிக்கு ஒரு வேலையும் இல்லை.