கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள்

அடுத்தவர்களைக் கையைத் தூக்கி நிற்கச் சொல்வதுதான் என் தொழில். விமான நிலையத்தில் உடல் ஸ்கேனர் பக்கத்தில் மூன்று வருடமாக நிற்கிறேன். வீடு கரவனெல்லப் பக்கம், ரப்பர் தோட்டத்து லயம், தொழிலாளர் வரிசை வீடு. சிங்களம் பேசுகிற எங்கள் குழுவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான், அதனால் தோட்டத்து ஆட்கள் மிரண்டால் உடனே என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்த ஸ்கேனர் கூண்டுக்குள் நின்ற அன்பர்களே, உங்களுக்கு ஐந்து விநாடிப் பயம், எனக்கு எட்டு மணி நேரப் பயம். மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறேன். போன தடவை தங்கவில்லை. அதற்கும் மெசினுக்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். மனசு கேட்கமாட்டேன் என்கிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, சூப்பர்வைசர் மேடத்திடம் சொல்லவும் பயம்.

இடுப்பில் மஞ்சள் கட்டம்

கொடகவெலத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, வீட்டு வேலைக்கு முதல் தடவை வெளிநாடு போகிறாள். திரையில் இடுப்புப் பக்கம் மஞ்சள் கட்டம் விழுந்தது. தனியறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். அரைஞாணில் கோவில் தகடு. போய்ச் சேரும்வரை அவிழ்க்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டாராம். அவிழ்க்கச் சொல்லி அதட்ட எனக்கு வாய் வரவில்லை. கையுறை போட்டுத் தடவிப் பார்த்தேன், வெறும் செப்புத் தகடுதான். அவள் அழுதபடி கேட்டாள்: "மெசின் பாத்துருச்சே, இனி இது காவல் காக்குமாங்க?"

மூச்சைப் பிடித்த மனிதர்

இன்னொருவர் ஸ்கேனருக்குள் நெஞ்சை விறைத்துக்கொண்டு மூச்சே விடாமல் நின்றார். வெளியே வாங்க என்றாலும் வரவில்லை. முகம் கறுத்துப் போனது. "மூச்ச விடுங்கண்ணே" என்று கத்திய பிறகுதான் விட்டார்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியின் மெடிக்கலில் எக்ஸ்ரே எடுக்கும்போது அப்படித்தானே நிற்கச் சொல்வார்கள், இதுவும் அதுதான் என்று நினைத்துவிட்டார். திரையில் வருவது வெறும் பொம்மை உருவம், உள்ளே எதுவும் தெரியாது என்று காட்டினேன். நம்பவில்லை. கும்பிட்டபடி சொன்னார்: "நெஞ்சுல பழைய தழும்பு ஒன்னு இருக்கு மிஸ், தெரிஞ்சாலும் சொல்லிப்புடாதீங்க, திருப்பி அனுப்பிருவாங்க."

ஐந்து மாதம்

எம்பிலிப்பிட்டியவில் கடை வைத்திருப்பவரின் மனைவி, வயிற்றில் ஐந்து மாதம். "புள்ளைக்கு ஒன்னும் ஆகாதாங்கக்கா?" என்றாள். வேண்டாமென்றால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு. முதலில் அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. பின்னாலிருந்து மேடம் "இக்மன் கரண்ட!" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். நானும் மனப்பாடமாக ஒப்பித்தேன்: "பயப்படாதீங்கம்மா, இது எக்ஸ்ரே இல்ல, ஒன்னும் ஆகாது."

அவள் உள்ளே கால் வைக்கவில்லை. என்னையே பார்த்தாள். சாமான் போடுகிற பிளாஸ்டிக் தட்டு ஒன்றை, வழக்கம்போல நான் கையில் வைத்திருந்தேன். மெதுவாகக் கேட்டாள்: "ஒன்னும் ஆகாதுன்னா, நீங்க ஏங்கக்கா அந்தத் தட்ட வயித்துக்கு முன்னால புடிச்சிருக்கீங்க?"

அவளைக் கையால் சோதித்து அனுப்பிவிட்டு, நேராக மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லி அழுதேன். அவரும் திட்டாமல், பாவம் பிள்ளைத்தாய்ச்சி என்று இரக்கப்பட்டு, மறுநாளே என்னைப் பெட்டிகளுக்கு எக்ஸ்ரே எடுக்கிற மெசினுக்கு மாற்றிவிட்டார்.