பாண்டு மாஸ்டரின் கூட்டாளி

டிரம்பெட்டின் வாய்ப்பகுதியைக் கழற்றி வெந்நீர் டம்ளரில் போட்டுவிட்டு, அப்பாதுரை மீசைக்கு எண்ணெய் தடவிக்கொள்கிறார். இரண்டும் முடிந்தால்தான் சட்டை. சிவப்புச் சட்டை, தோளில் ஜரிகை, மார்பில் யார் கொடுத்தது என்று அவருக்கே நினைவில்லாத ஒரு பதக்கம். மர்பி டவுன் சந்தில், அவர் வீட்டு வாசலில் பாண்டு செட் ஆட்கள் அதே சட்டையில் காத்திருக்கிறார்கள். யாராவது "டைம் ஆச்சு மாஸ்டர்" என்றால், "ஸ்வல்ப நில்லு குரு. பொண்ணுக்கு இன்னும் தலையே பின்னியிருக்க மாட்டாங்க" என்று கன்னடம் கலந்து சொல்வார். யாராயிருந்தாலும் அவருக்குக் 'குரு'தான்.

அல்சூர், சிவாஜி நகர், ஃப்ரேசர் டவுன் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் முன்னால் நடப்பவர் இவர். வாசிக்கப் போகும் நாளில் மோர்சாதம் தவிர எதையும் தொட மாட்டார். காரம் பட்டால் உதடு சொன்ன பேச்சைக் கேட்காதாம். கல்யாண வீட்டில் எவ்வளவு வற்புறுத்தினாலும் பந்தியில் உட்காருவதில்லை. பீடா மட்டும் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்வார். ஒன்று மனைவி தமயந்திக்கு. திரும்ப நேரமாகிவிட்டால் இரண்டுமே தமயந்திக்கு.

செட்டில் பெரிய டிரம் கோவிந்தப்பாவுடையது. இருவரும் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். ஊருக்கெல்லாம் மாஸ்டரான அப்பாதுரை, கோவிந்தப்பாவுக்கு மட்டும் வெறும் "தொர". கோவிந்தப்பாவுக்குப் பகலில் மெஷின் கம்பெனியில் வேலை. சில வருடங்களுக்கு முன் அங்கே இரும்புச் சட்டம் ஒன்று வலது தோளில் விழுந்ததில், கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. ஈ.எஸ்.ஐ.யிலிருந்து மாதாமாதம் பென்ஷன் வந்தது. கம்பெனியும் அவரை மெஷினிலிருந்து எடுத்து, ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தது. பிறகு கை சரியாகிவிட்டது. அதே கையால் அவர் டிரம் அடித்தால் தெருவில் ஜன்னல் கண்ணாடி அதிரும். டாக்டர் முன்னால் போனால் மட்டும் அது மறுபடியும் நெஞ்சோடு நின்றுவிடும்.

செட்டில் எல்லாருக்கும் இது தெரியும். சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாதுரையும் சிரித்தவர்தான், பிரபா வந்து வாசலில் நிற்கும்வரை.

பிரபாவின் கணவன் பாலகுமாருக்கும் அதே கம்பெனிதான். லாரியிலிருந்து சாமான் இறக்கும்போது முழங்கால் நசுங்கி, அவனால் ஊன்றி நிற்க முடியவில்லை. உட்காரும் வேலை ஒன்றுதான் இருக்கிறது, அதில் ஆள் இருக்கிறது என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள்.

"கோவிந்தண்ணன் டிரம் அடிக்கிறத என் கண்ணால பார்த்தேண்ணே," என்றாள் பிரபா. "நான் போய் சொன்னா வயித்தெரிச்சல்ல சொல்றான்னுவாங்க. நீங்க மாஸ்டரு. நீங்க சொன்னா நம்புவாங்க."

மறுநாள் அப்பாதுரை கம்பெனிக்குக் கிளம்பிப் போனார். "கேட் வரைக்கும் போனேன் குரு. வாட்ச்மேன், 'யாரு பேக்கு?'ன்னான், யாரு வேணும்னு. 'யாரும் வேணாம்ப்பா'ன்னு வந்துட்டேன். எங்கம்மா செத்தப்போ தூக்குன தோளு அது. நாக்கு எழும்பல," என்று என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலமே கோவிந்தப்பாவைப் பிடித்துவிட்டார்.

"உன் கை நல்லாயிடுச்சு. டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு."

"இன்னா தொர, சர்க்கார் காசு. உனக்கின்னா நோவுது?"

"காசு கெடக்குது. நீ குந்தியிருக்கிற நாற்காலி பாலகுமாருது."

"சொல்லலைன்னா? போட்டுக் குடுத்துடுவியா?"

"தெரியல. இன்னிக்கு கேட் வரைக்கும் போய்ட்டு வந்தேன்."

கோவிந்தப்பா காறித் துப்பிவிட்டுப் போனார். ஆனாலும் அடுத்த முகூர்த்தத்தன்று சிவப்புச் சட்டையோடு வந்து நின்றார். டிரம்மைத் தூக்கக் குனிந்தவரை அப்பாதுரை தடுத்தார்.

"கை எழும்பாதவனுக்கு டிரம் எதுக்கு? நீ சும்மா கூட நட. கூலி வாங்கிக்கோ."

வேடிக்கை என்றுதான் கோவிந்தப்பா நினைத்தார். ஜால்ரா போடும் ரகுராமின் கழுத்தில் டிரம் ஏறியபோதுதான் முகம் மாறியது.

ரகுராமின் அடி தப்பித் தப்பி விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். பக்கத்தில் வெறுங்கையோடு நடந்த கோவிந்தப்பாவின் விரல்கள் தொடையில் சரியான தாளத்தைத் தட்டிக்கொண்டே வந்தன. கூலியை வாங்காமல் வீட்டுக்குப் போனார். அந்த மாதத்துக் கல்யாணங்கள் எல்லாம் அப்படித்தான் நடந்தன. "அந்த மனுஷன் மூஞ்சிய பார்க்க முடியல, டிரம்மக் குடுத்துத் தொலைங்க," என்று தமயந்தியே சொல்லிப் பார்த்தாள். அப்பாதுரை அசையவில்லை. "ஆனா அப்போ நான் ஊதுனது எனக்கே புடிக்கல குரு" என்கிறார் இப்போது.

ஒரு திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல், கோவிந்தப்பா டாக்டர் முன்னால் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அந்தக் காட்சியை அவரே நடித்துக் காட்டுவார்: "'எப்படிய்யா சரியாச்சு?'ன்னாரு. 'கொஞ்ச நாளா டிரம் அடிக்காம இருந்தேன் சார், அதான்'னேன். விட்டாரு பாரு ஒரு திட்டு!"

பென்ஷன் நின்றது. கோவிந்தப்பா மெஷினுக்குத் திரும்பினார். ஸ்டோர் நாற்காலியில் இப்போது பாலகுமார். முதல் சம்பளத்தன்று பிரபா கேசரி கிண்டி மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கோவிந்தப்பா வீட்டுக்கும் கொடுத்தாள். அதை அவர் ருசித்துச் சாப்பிட்டதாகக் கேள்வி.

"அவர் தானா போகலைன்னா சொல்லியிருப்பீங்களா?" என்று அப்பாதுரையிடம் கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டார். "தெரியல குரு. தெரியாமலே போச்சு பாரு, அதுல எனக்கு நிம்மதி," என்று சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் ஒரு ஊர்வலம். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆடி முடிக்கவே இல்லை. மண்டபம் நெருங்கும்போது கோவிந்தப்பாவின் அடி தளரவில்லை. டிரம்மின் வார் அழுத்தி, அந்த வலது தோள் மட்டும் மெல்லச் சாய்ந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பாதுரை திரும்பிப் பார்த்தார். நடையைக் குறைத்துப் பின்னுக்கு வந்தார். வலது கையில் டிரம்பெட்டை ஏந்தி, பாட்டு அறுபடாமல் ஊதிக்கொண்டே, இடது கையால் அந்த வாரைத் தோளிலிருந்து தூக்கிப் பிடித்தபடி மண்டப வாசல்வரை நடந்தார்.