நீலு என்னைக் கள்ளன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்தால் ஒரு வழுவழுப்பு இருக்குமே... அதன்மேல் ஊசி இறங்கும்போது 'பொட்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். சீட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான்.

திரு-கொச்சி ராஜ்ஜியமாக இருந்த காலம். கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. எனக்குப் பதின்மூன்று வயதில் வைசூரி வந்து இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம் என்றார்கள். சரிதான்... ஆனால் பிழைத்தவன் நாள் முழுக்க என்ன செய்வான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் நின்றது. ஆற்றில் குதிப்பதும் நின்றது. அம்மா சாதத்தைப் பிசைந்து, உருட்டி, கையில் வைப்பாள். எனக்கு வருகிற கோபத்தில் தட்டைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்.

பக்கத்து வீட்டுக் கிட்டாதான் ஒருநாள் சீட்டுக்கட்டும் ஊசியுமாக வந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து குறி குத்தினோம். ஒரு மூலையில் இஸ்பேட்டுக்கு ஒரு குத்து, ஆட்டீனுக்கு இரண்டு, டைமண்டுக்கு மூன்று, கிளாவருக்கு நாலு. எதிர் மூலையில் அது ஜாக்கியா, ஒன்பதா என்பதற்கு வேறு குறி. 'இருபத்தெட்டு' ஆட்டத்துக்கு முப்பத்திரண்டு சீட்டு போதும். அதற்கே ஒரு வாரம் ஆயிற்று.

ஞாயிறு மத்தியானம் ஆற்றங்கரை மண்டபத்தில் ஆட்டம்; எங்கள் பேச்சில் 'களி'. நானும் கிட்டாவும் ஒரு கட்சி, தெருக்கோடி நீலுவும் மணியும் எதிர்க்கட்சி. சீட்டை இறக்கும்போது "ஆட்டீன் ஒன்பது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எனக்காக. மணிக்கு அதுவே பழகிப்போய், வீட்டில் தனியாகச் சீட்டு அடுக்கும்போதும் சொல்லிக்கொண்டே அடுக்குவானாம்.

எங்கள் ஊரில் தோற்றவன் காதில் குணுக்கு மாட்டுவார்கள். தென்னையிலிருந்து உதிர்ந்த குரும்பையில் ஈர்க்கைச் செருகி, வளைத்துத் தொங்கவிட்டால் அதுதான் குணுக்கு. தெருவே பார்த்துச் சிரிக்கும். நாங்கள் தோற்றபோதெல்லாம் கிட்டாவின் இரண்டு காதிலும் தொங்கியது. என் காதில் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "சாரமில்லைடா, போனாப் போறது, ஒனக்கு வேண்டாம்" என்பார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் என்ன, ஆட வந்தவனா... இல்லை, பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டில் கொடுத்தனுப்பிய பண்டமா?

சண்டை போட்டு, எல்லாரையும்போல என் முறைக்குச் சீட்டு போடுகிற வேலையையாவது வாங்கினேன். அதில்தான் வந்தது வினை.

ஒவ்வொருத்தனுக்கும் சீட்டைக் கொடுக்கும்போதே என் கட்டைவிரல் அதைப் படித்துவிடும். முதல் வாரம் தெரியாமல் நடந்தது. அடுத்த வாரம் தெரிந்தே நடந்தது! என்னை யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய சீட்டான ஜாக்கி எது நீலு கைக்குப் போயிற்று, அதை எப்போது வெளியே இழுக்கலாம், எல்லாம் எனக்குத் தெரியும். மூன்று ஞாயிறு நான் சீட்டு போட்ட ஆட்டமெல்லாம் நாங்களே ஜெயித்தோம்.

மூன்றாவது ஞாயிறு நீலு சீட்டைத் தரையில் அடித்தான்.

"இவன் கள்ளக்களியாக்கும் களிக்கறது. சீட்டு போடறச்சயே எல்லாத்தையும் தடவிப் பாத்துடறான். கள்ளன்!"

மணி பதறிப்போய், கண்ணு தெரியாதவனை அப்படிச் சொல்லலாமா, பாவமில்லையா என்று நீலுவை அடக்கினான். கிட்டா எனக்காக ஆற்றில் இறங்கிச் சத்தியம் செய்யவும் தயாராகிவிட்டான்.

இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள். அப்புறம் ஆயுசு முழுக்க நான் 'பாவம்'தான். ஆமாம் என்றால் ஆட்டமே போய்விடலாம். ஆட்டம் போனால் எனக்கு மிச்சம் அந்த உருட்டின சாதம் மட்டும்.

"நீலு சொல்றது நெஜம்," என்றேன். "தெரிஞ்சுதான் களிச்சேன்."

நீலு எழுந்து போய்க் குரும்பை பொறுக்கிக்கொண்டு வந்தான். என் காதைப் பிடித்து ஒன்று மாட்டினான். அந்தப் பக்கமும் ஒன்று மாட்டினான்.

"அடுத்த வாரம் வரச்சே துணி கொண்டுவா. வெரல்ல சுத்திண்டு சீட்டு போட்டா மதி, அது போறும், கேட்டியா?"

அடுத்த வாரம் வரச்சே... அது ஒன்றுதான் என் காதில் விழுந்தது.

கிட்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிமிர்ந்து போனேன். அம்மா பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். என் குழந்தையை யார் இப்படிச் செய்தது, இதோ கேட்டுவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டாள். கையைப் பிடித்து நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன்.

அம்மா அழுகையை நிறுத்தினாள். அப்புறம் குணுக்கோடு சேர்த்து என் காதைப் பிடித்துத் திருகினாள் பாருங்கள்... வைசூரிக்குப் பிறகு அம்மா என்மேல் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. வலியில் உயிர் போயிற்று. எனக்கானால் சிரிப்பு தாங்கவில்லை.

இன்றைக்குச் சீட்டாட்டமும் போனிலேயே; எனக்கு வந்த சீட்டை அதுவே காதில் சொல்லிவிடுகிறது. லிஃப்ட் மாடி எண்ணைச் சொல்கிறது. நல்ல காலம்தான், குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு இதெல்லாம் இருந்திருந்தால் பள்ளிக்கூடத்தையே விட்டிருக்க மாட்டேன். ஆனால் எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கச் சண்டை போட்டவர்கள் இல்லை. கிட்டாவும் மணியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் இடத்தில் எந்த ஊர் என்றே தெரியாத இரண்டு பேர் ஆடுகிறார்கள். நீலு பம்பாயில் மகன் வீட்டில் இருக்கிறான். ஞாயிறு மத்தியானம் அவனும் போனில் ஆட வந்துவிடுவான்.

போன வாரம் நான் வரிசையாக ஜெயித்தேன். ஆட்டம் முடிந்த கையோடு நீலு கூப்பிட்டான். குசலம் ஒன்றும் கேட்கவில்லை.

"அனந்து, நெஜத்தைச் சொல்லு. அந்த போன் ஒன் காதுல என் சீட்டையும் சேத்துச் சொல்றதா?"

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.