காற்சட்டைப் பாத்திரம்

மகள் காற்சட்டை தைக்கப் படிக்கிறாள் என்று மூன்று வருடங்களாக, ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் பீலெஃபெல்ட் நகரம் முழுக்கப் பொய் சொல்லித் திரிந்தவன் நான். அவள் நடிகை. டுசல்டோர்ஃபில் ஒரு சிறிய அரங்கில் ஆண் வேடம் கட்டுகிறாள். பெண் ஆணாக வரும் வேடத்துக்கு ஜெர்மன் மொழியில் காற்சட்டைப் பாத்திரம் என்று பெயர். அதில் காற்சட்டையை மட்டும் எடுத்து என் பொய்யைத் தைத்துக்கொண்டேன். அவள் அழைத்தபோதெல்லாம் "ஏலாது" என்றேன். கணிதம் படிப்பித்தவன் நான். சனம் கதைக்கும் என்று பயந்தேன்.

கண்ணில் புரை அகற்றிய பிறகு, பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட அவசரம் வந்தது. நானே அவளிடம் கேட்டேன்.

"வாங்கோ அப்பா. ஆனா ஆரெண்டு கேட்டா மகள் எண்டு சொல்லுவீங்களோ?"

"சொல்லுறன்."

பழைய ஆங்கில நகைச்சுவை நாடகம். தொலைபேசியிலேயே விளக்கம் தந்தாள்: "முந்தி பொம்பிளை வேஷமும் பெடியள்தான். பிறகு பொம்பிளையள் மேடைக்கு வந்து, ஆம்பிளை வேஷமும் கட்டினவை. சனம் அவையின்ரை காலைப் பாக்க வந்தது. அவை ஆம்பிளையளையே நக்கலடிச்சவை!"

காரில் கூட்டிப்போனது என் நண்பன். அவனிடம் "ஒரு நாடகம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

திரை விலகியது. சுருள்முடி, வாள், முழங்காலோடு நிற்கும் காற்சட்டை. பிரபு வேடத்தில் என் மகள் கைகளைப் பின்னால் கட்டி நடந்துவந்து, பேசுமுன் இரண்டு தரம் தொண்டையைச் செருமினாள். அப்படியே நான்! அரங்கு வெடித்துச் சிரித்தது. கதையில் ஒரு இளம்பெண் அந்தப் பிரபுவிடம் மயங்கிக் கன்னத்தைத் தொட்டாள். என்ன நடிப்பு!

நண்பன் என் பக்கம் சாய்ந்தான். "அண்ணை, உந்தப் பெடியன் அப்பிடியே உங்களை மாதிரி நடக்கிறான். ஆரது?"

இரண்டு தரம் செருமினேன். "பெடியன் இல்லை. என்ரை மகள்!"

முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. நண்பன் மேடையைப் பார்த்தான், பிறகு தன் காற்சட்டையைப் பார்த்தான்.

"அப்ப மகள் தைச்சதெண்டு நீங்கள் தந்த இந்தக் காற்சட்டையைக் கட்டையாக்கினது ஆர்?"

"துருக்கிக் கடைக்காரன்."

"பிள்ளையின்ரை தையல் எண்டு கோயில் முழுக்கப் புகழ்ந்தனான், அண்ணை!" வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

நாடகம் முடிந்து, வரைந்த மீசையோடு அவள் ஓடிவந்தாள்.

"ஆரும் கேட்டவையோ? சொன்னீங்களோ?"

நான் வாய் திறக்குமுன் நண்பன் முந்தினான்: "சொன்னவரோ? மேடையிலை உனக்குக் கேக்கேல்லையோ, பிள்ளை?"