மாத்திரை பாட்டிலில் ஒரு சிலந்தி

எழுபதுகளின் கடைசியில் நெல்லிவாசலுக்கு மேலே ஒரு மலையூரில் நான் நர்ஸாக இருந்தேன். மருந்து அலமாரியும் ஒரு கட்டிலும் கிடந்த முன்னறைதான் ஆஸ்பத்திரி, பின்னறை என் வீடு. எனக்கு வாய் நீளம். அந்த ஊரில் என்னைக் கண்டு பயப்படாதவை கைக்குழந்தைகள் மட்டும்தான். முதல் ஊசிக்குப் பிறகு அவையும் பயந்தன.

காற்றில் முறிந்த புளியங்கிளையை ஒருநாள் ஆட்கள் வெட்டும்போது, பொந்திலிருந்து கையகலத்துக்கு ஒரு மயிர்ச் சிலந்தி வெளியே வந்தது. டாரன்டுலா என்ற பெயரெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதை அங்கேயே அடித்துப் போட்டார்கள். பொந்துக்குள் துவரம்பருப்பு அளவில் குஞ்சுகள் இருந்தன. கொளுத்தப் போனவர்களைத் தடுத்து, ஆறு குஞ்சுகளைக் காலி ஊசிமருந்துக் குப்பிகளில் பிடித்து வந்தேன். பாசமெல்லாம் இல்லை. எல்லோரும் வேண்டாம் என்றார்கள், அந்த வீம்பு.

ரப்பர் மூடியில் ஊசியால் துளை, அடியில் ஈரப் பஞ்சு, தீனிக்குக் கறையான். இரண்டை எறும்பு தின்றது. இரண்டு காய்ந்து செத்தன. ஒன்று இடம் மாற்றும்போது கையில் ஏறி ஓடிக் கூரையில் மறைந்துவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதன் மேல்தான் எனக்கு உயிர் ஒட்டிக்கொண்டது.

அது வளர வளர வீடு மாற்ற வேண்டியிருந்தது. சின்ன பாட்டிலின் வாயைப் பெரியதன் வாய்க்குள் நுழைத்து, கோழி இறகால் பின்காலை மெல்லத் தொட்டால் உள்ளே ஓடிவிடும். கடைசியாக, சத்து மாத்திரை வந்த அகல வாய் பாட்டிலில் புளியம்பட்டை ஒன்றைச் சாய்த்துக் குடிவைத்தேன். சீண்டினால் முன்கால்களைத் தூக்கும். அவற்றின் அடியில் மஞ்சள் வரி தெரியும். என்னை எதிர்த்து நின்ற ஒரே ஜீவன்.

சரிவில் எனக்குக் கீழ்வீட்டுப் பெண்தான் காலையில் தேக்கிலையில் கறையான் மடித்துக் கொண்டுவருவாள். அவளுடைய தலைப்பிரசவத்தில் மாமியார் வயிற்றைப் பிடித்து அழுத்தப் போக, "கைய எடு. வெளிய போ" என்று வயதைக்கூடப் பார்க்காமல் விரட்டியவள் நான். கதவைத் தாழ் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். குழந்தை தன்னால் நல்லபடி வந்தது. அந்த மாமியார் அதற்கப்புறம் என் வாசல் மிதிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கலசப்பாக்கம் பக்கம் மாற்றல் வந்தது. ஜீப்பில் கொண்டுபோக வசதியாக அதை ஒரு சின்ன டப்பாவுக்கு மாற்ற நினைத்தேன். ஆனால் ஒரு வாரமாக அது தின்னவில்லை. பட்டைக்குப் பின்னால் வெள்ளையாக நூல் கட்டி உள்ளே அடைந்துகொண்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் பொறுமை போய் நூலைக் கிழித்தேன். மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே.

செத்துவிட்டது என்றே நினைத்தேன். இறகால் புரட்டி நேராக வைத்தேன். ஒரு கால் அசைந்தது. உயிர் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் உற்றுப் பார்த்தேன். முதுகில் மேல்தோல் வெடித்து, கால்கள் பாதி மாட்டிக்கொண்டிருந்தன. உதவுகிறேன் என்று இடுக்கியால் தோலைப் பிடித்து இழுத்தேன். கால் மூட்டிலிருந்து நீர் கசிந்தது. நிற்கவில்லை.

உரித்துப் போட்ட சட்டைகளைக் குப்பிகளில் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். உரிப்பதைப் பார்த்ததில்லை. மல்லாந்துதான் உரிக்கும் என்று தெரியாது.

கறையானோடு வந்தவள் பாட்டிலைப் பார்த்தாள், என் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தாள். "இன்னாங்க நர்சம்மா, வுட்டிருந்தா தானா வந்திருக்குமே," என்றாள். குத்திக்காட்டும் குரல் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. மதியத்துக்குள் செத்துவிட்டது. ஒரு பூச்சிக்காக அப்படி அழுவேன் என்று நானே நினைத்ததில்லை.

மறுநாள் ஜீப் காத்திருக்க, கீழ்வீட்டுக்குப் போனேன். மாமியார் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறம் நின்றது.

"அன்னிக்கு ஏன் அழுத்தப் போனீங்க?" என்று கேட்டேன். இரண்டு வருடத்தில் கேட்காத கேள்வி.

அவர் முறத்தில் கிடந்த சாமையை விரலால் ஒதுக்கினார். பிறகு, "பொண்ணு படற பாட்டைப் பாக்க முடியலம்மா. அதான் கை போச்சு," என்றார்.

அழுத்தியது தப்புதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் விரட்டும்போது, அந்தக் கை எதற்காகப் போனது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

"எனக்கும் அப்படித்தாங்க போச்சு," என்றேன். சிலந்திக்கு நடந்ததை மருமகள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல், முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உட்கார இடம் விட்டார்.